"மனசு எப்படி இருக்கு?" புற்றுநோய் சிகிச்சையில் கேட்கும் ஒரு கேள்வி: உங்கள் சந்தேகங்களுக்குப் பதில்கள்

புற்றுநோய் சிகிச்சைக்கு வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசும் மனநல ஆலோசகராகப் பல வருடங்களாக வேலை செய்கிறேன். சிகிச்சையில் இருப்பவர்கள், அவர்கள் வீட்டார், ஒரு நர்ஸ் என்று பலர் அனுப்பிய கேள்விகளுக்கு என்னால் முடிந்த பதில்கள் இவை.

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். இரண்டாவது கீமோவுக்குப் போனபோது தெர்மாமீட்டர் படம் போட்ட ஒரு தாளைக் கொடுத்து, மன உளைச்சல் எவ்வளவு என்று 0 முதல் 10 வரை குறிக்கச் சொன்னார்கள். "எனக்குப் பைத்தியம்னு நினைக்கிறாங்களா?" என்று அம்மா கேட்கிறார். என்ன சொல்வது? (மகள், வேலூர்)

இல்லை என்று தைரியமாகச் சொல்லுங்கள். அந்தப் பயம் யாருக்கும் வரக் கூடாது என்று யோசித்துச் செய்த தாள்தான் அது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் ஜிம்மி ஹாலண்ட் என்ற மனநல மருத்துவர் இருந்தார். புற்றுநோயாளிகளின் மனநலத்தை ஒரு தனித் துறையாகவே வளர்த்தவர். 1990-களில் அவருடைய குழு இந்தத் தாளை ப்ராஸ்டேட் புற்றுநோய் வந்த ஆண்களிடம் கொடுத்துப் பார்த்தது. வலி எவ்வளவு என்று 10-க்குக் கேட்கிறோமே, அதேபோல இதையும் கேட்கலாமே என்பதுதான் யோசனை. மனநோய் என்றால் யாருக்கும் கூசும். அதனால்தான் உளைச்சல் என்கிற சாதாரண வார்த்தையை எடுத்துக்கொண்டார்கள்.

இன்றையும் சேர்த்துப் போன ஒரு வாரம் எப்படி இருந்தது என்று அம்மா நினைத்துப் பார்த்துக் குறித்தால் போதும். 4 அல்லது அதற்கு மேல் வந்தால் யாராவது உட்கார்ந்து பேச வேண்டும் என்று அர்த்தம். நோய் இன்னது என்று அந்தத் தாள் சொல்லாது. காய்ச்சல் 102 என்று காட்டும் தெர்மாமீட்டர் அது டைபாய்டா மலேரியாவா என்று சொல்கிறதா, அதுபோலத்தான்.

அப்பா எப்போது கேட்டாலும் 1, 2 என்றுதான் குறிக்கிறார். ஆனால் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். (மகன், திருச்சி)

எனக்கு மறக்க முடியாத ஒரு பெரியவர் இருக்கிறார். தொண்டையில் புற்றுநோய், கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்துக்கொள்ள வந்துகொண்டிருந்தார். தாளில் 2 என்று குறித்தார். "எனக்கென்னம்மா, நல்லாத்தான் இருக்கேன்" என்றார். எண்ணை மட்டும் பார்த்திருந்தால் அனுப்பியிருப்பேன். ஆனால் அந்தத் தாளில் படத்தோடு ஒரு பட்டியலும் உண்டு. பணம், போக்குவரத்து, பிள்ளைகள், தூக்கம், சாப்பாடு, பயம், சாமி மேல் கோபம் என்று பலதும் அதில் இருக்கும். அவர் போக்குவரத்துக்கு நேரே மட்டும் ஒரு டிக் போட்டிருந்தார், பேனா தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தி.

கரண்ட் வாரத்துக்கு 5 நாள், ஏறக்குறைய 7 வாரம். விடிகாலை 4 மணிக்கு எழுந்து இரண்டு பஸ் மாறி வருகிறார். இதைச் சொல்லி முடித்ததும், நான் எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை அவரிடமும் கேட்டேன்: "முன்னாடி தினமும் செஞ்சு, இப்ப விட்டுட்ட வேலை எது?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "ரேடியோல செய்தி கேக்கறத விட்டுட்டேம்மா. பேட்டரி தீந்துபோச்சு. வாங்கியாரச் சொல்லலாம்தான். இனிமே எதுக்குன்னு விட்டுட்டேன்" என்றார்.

அந்த "இனிமே எதுக்கு"தான் எனக்கு வேண்டிய பதில். 2 என்ற எண்ணுக்குள் அது ஒளிந்திருந்தது. சமூகப் பணியாளர் அவருக்கு மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே தங்க இடம் பார்த்துக் கொடுத்தார். மனதுக்கான பேச்சு அதற்கு அப்புறம்தான் தொடங்கியது. தூங்காத மனிதரிடம் என்ன பேசினாலும் ஏறாது. (தூரத்திலிருந்து சிகிச்சைக்கு வருகிறவர்கள் ரயில் கட்டணச் சலுகையைக் கேட்டு வாங்குங்கள். துணைக்கு வருகிற ஒருவருக்கும் அது உண்டு.)

உங்கள் அப்பா தாளை நிரப்பும்போது நீங்கள் பக்கத்தில் இருக்காதீர்கள். மகன் முன்னால் எந்த அப்பாவும் 7 போட மாட்டார். அவர் எதை விட்டுவிட்டார் என்பதை மட்டும் கவனித்து வந்து எங்களிடம் சொல்லுங்கள்.

நான் டே கேர் வார்டு நர்ஸ். ஒரு நாளைக்கு 40 பேர். எந்தப் படிவம் நல்லது? சிலர் 10 போட்டுவிட்டுச் சிரிக்கிறார்களே?

சிரிக்கிறவர்களைக் கவனித்தீர்கள், அதுவே பெரிய விஷயம். நம் ஊரில் 10-க்கு 10 என்றால் முழு மார்க். "எல்லாம் நல்லா இருக்கு சிஸ்டர்" என்பதற்காக 10 போட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன். அதனால் தாளைக் கொடுத்துவிட்டு நகராமல், "0-ன்னா பாரமே இல்ல, 10-ன்னா தாங்கவே முடியல" என்று வாயால் சொல்லிவிடுங்கள்.

40 பேருக்கு இந்த தெர்மாமீட்டர் தாள் போதும். எண் அதிகம் வந்தவர்களுக்கு மட்டும் அடுத்த படிவம். மன அழுத்தத்தை அளக்கும் பிஎச்க்யூ-9 நல்ல படிவம்தான். ஆனால் தூக்கம், பசி, அசதி பற்றி அதில் கேள்விகள் உண்டு, அவை மூன்றையும் கீமோவே கெடுக்கும். பதற்றத்தையும் மன அழுத்தத்தையும் அளக்க 1983-இல் வந்த ஹேட்ஸ் படிவத்தில் 14 கேள்விகள். உடம்பு நோயோடு இருப்பவர்களுக்காகவே செய்தது என்பதால் இந்த உடல் அறிகுறிகளைத் தவிர்த்திருப்பார்கள். இருந்தாலும் பிஎச்க்யூ-9-இன் கடைசியில் எண்ணிக்கையில் சேராத ஒரு கேள்வி வரும்: இந்தப் பிரச்சினைகளால் வேலை செய்வது, வீட்டைக் கவனிப்பது, மனிதர்களோடு பழகுவது எவ்வளவு கஷ்டமாகிவிட்டது? பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நீங்கள் தாண்டாதீர்கள்.

நோயாளியால் எவ்வளவு நடமாட முடிகிறது என்பதை டாக்டர்கள் ஈகாக் என்று 0 முதல் 4 வரை எழுதுவது தெரிந்திருக்கும். 0 என்றால் பழையபடி நடமாட்டம், 4 என்றால் படுக்கையோடு. ஒருவர் பகலெல்லாம் படுத்திருக்கிறார் என்று அது சொல்லும். உடம்பு முடியாமலா, மனசு முடியாமலா என்று கேட்பது நம் வேலை.

எண் அதிகமாக இருந்தால் மாத்திரை கொடுத்துவிடுவார்களா?

உடனே இல்லை. பலருக்குப் பேச்சும், பணத்துக்கோ வலிக்கோ ஒரு வழியும் கிடைத்தாலே எண் இறங்கிவிடும். மாத்திரை தேவைப்பட்டால், மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பராக்செட்டின், ஃப்ளூஆக்செட்டின் போன்ற சில மன அழுத்த மாத்திரைகள், உடலுக்குள் டமாக்சிஃபென் வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுவதைத் தடுக்கும். மனநல மருத்துவர் வேறு மாத்திரை எழுதுவார்.

மூன்று கீமோ முடிந்தது. கடையைத் திறக்க முடியவில்லை. அசதியா, மன அழுத்தமா? (மளிகைக் கடைக்காரர், தேனி)

கடைக்குப் போக வேண்டும் என்று ஆசை இருந்து உடம்பு வரவில்லை என்றால் அசதிப் பக்கம். உடம்பு ஓரளவு தேறியும் கடை நினைப்பே கசக்கிறது என்றால் மனசுப் பக்கம். இரண்டும் கலந்தும் வரும். முதலில் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். கழுத்தில் கரண்ட் வைத்தவர்களுக்குத் தைராய்டும் பார்க்க வேண்டும். கீமோவோடு தரும் டெக்ஸாமெத்தசோன் தூக்கத்தைக் கெடுக்கும். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைடு சிலருக்கு ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பைத் தரும். அதைப் பதற்றம் என்று நினைத்து மனசைக் குறைசொல்லிக்கொண்டிருப்பார்கள், பாவம்.

டாக்டர் சரி என்றால் தினமும் கொஞ்சம் நடங்கள். கீமோ அசதிக்கு நடை உதவும் என்பது நன்றாக நிரூபணமான விஷயம். கடையை ஒரு மணி நேரம் மட்டும் திறந்து பாருங்கள்.

அம்மாவுக்கு "கட்டி" என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறோம். இந்தத் தாளைக் கொடுத்தால் தெரிந்துவிடாதா?

நோயின் பெயரைச் சொல்லாமலே எங்களால் கேட்க முடியும், கேட்கிறோம். ஆனால் மருத்துவமனை வாசலில் பெயர்ப்பலகை இருக்கிறது, பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் பேசுகிறார். அம்மாவுக்குத் தெரிந்தே இருக்கலாம். உங்களுக்காக அவரும், அவருக்காக நீங்களும் தனித்தனியாக அழுதுகொண்டிருக்கலாம். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரிடமே மெதுவாகக் கேட்க எங்களை அனுமதியுங்கள்.

வீட்டுக்காரர் நேற்று "போய்ச் சேந்துட்டா நல்லது" என்றார். எப்படிப் பேசுவது?

இன்றே பேசுங்கள். "சாகணும்னு தோணுதா? ஏதாவது செஞ்சுக்கணும்னு நெனச்சீங்களா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, சொல்ல ஒரு ஆள் கிடைத்த நிம்மதிதான் வரும். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். வலி மாத்திரைகளை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். இன்றே சிகிச்சை தரும் டாக்டரிடம் சொல்லுங்கள். இரவானாலும் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. உங்களுக்காகவும் அந்த எண்ணில் பேசுங்கள்.

சிகிச்சை முடிந்து 8 மாதம் ஆகிறது. எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். ஒவ்வொரு செக்கப்புக்கும் ஒரு வாரம் முன்பிருந்தே எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. இப்போது யாரும் தாள் கொடுப்பதில்லையே? (ஆசிரியை, கோவை)

கொடுக்க வேண்டும். சிகிச்சை தொடங்கும்போது கேட்பதைப் போலவே முடிந்த பிறகும் கேட்க வேண்டும். சிகிச்சை நடக்கும்போது ஓட்டத்தில் அமுங்கியிருந்த பயம், வீட்டுக்கு வந்த பிறகு எழுந்துகொள்வது நிறையப் பேருக்கு நடக்கிறது. அந்த ஒரு வாரத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போகிறீர்களா, பாடம் நடத்த முடிகிறதா என்று குறித்து வையுங்கள். அடுத்த செக்கப்பில் ஓபி சீட்டு போடும்போதே அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். தரவில்லை என்றால், இங்கே எழுதிய இந்த இரண்டு வரியையே டாக்டரிடம் காட்டுங்கள்.