கடல்நீரை விட்டுவிட்டு மட்டியில் உலோகம் பார்ப்பது ஏன்? எப்படிச் செய்வது?

கடல்நீரில் ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் மிகச் சொற்பம். காலையில் எடுத்த நீரும் மாலையில் எடுத்த நீரும் ஒத்துப்போகாது. மட்டியோ பாறையில் ஒட்டியபடி மணிக்குச் சில லிட்டர் நீரை வடிகட்டுகிறது. அதன் சதையில் உலோகம் ஆயிரம் மடங்குக்கும் மேல் சேர்ந்துவிடும். அதனால் சில வாரங்கள், மாதங்களின் நிலவரம் ஒரே ஒரு மாதிரியிலேயே கிடைக்கிறது. 1975இல் அமெரிக்கக் கடல் வேதியியலாளர் எட்வர்ட் கோல்ட்பர்க் இந்த யோசனையை முன்வைத்தார். அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா (NOAA) 1986 முதல் தன் கரைகளில் இப்படித்தான் கண்காணிக்கிறது.

முடிவு கெடுவது பெரும்பாலும் ஒப்பீட்டில். துத்தநாகம், செம்பு இரண்டையும் சிப்பி அள்ளிச் சேர்க்கும். நீல மட்டியும் பச்சை மட்டியும் அவற்றை ஓரளவு கட்டுக்குள் வைத்துக்கொள்ளும். ஓரிடத்துச் சிப்பியையும் வேறிடத்து மட்டியையும் பக்கத்தில் வைத்துப் பேசினால் அந்த ஒப்பீடே தவறு. பருவமும் முக்கியம்: முட்டையிட்டதும் சதை மெலியும், உள்ளிருக்கும் உலோகம் அவ்வளவு குறையாது, செறிவு மட்டும் ஏறும். மாசு கூடியதாக அதைப் படித்துவிடக் கூடாது. ஆண்டுதோறும் அதே மாதம், முட்டையிடும் காலத்துக்கு முன்பே எடுங்கள்.

ஓர் இடத்துக்கு 20 முதல் 30 மட்டிகள், எல்லாம் ஒரே அளவில், உதாரணமாக 5 செ.மீ. பிடித்து இழுக்காதீர்கள், சதை கிழியும். மட்டி பாறையைப் பற்றியிருக்கும் ஒட்டுநாரைக் கத்தரித்து எடுங்கள். பிறகு சுத்தமான, வடிகட்டிய கடல்நீரில் 24 மணி நேரம் வையுங்கள். அடியில் பிளாஸ்டிக் வலைத்தட்டு வேண்டும், இல்லையென்றால் வெளியேற்றிய கழிவையே திரும்ப உறிஞ்சும். இந்தப் படியைத் தவிர்த்தால் குடலில் இருக்கும் சேற்றைத்தான் அளப்பீர்கள். அலுமினியமும் இரும்பும் ஈயத்தோடு சேர்ந்தே ஏறியிருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சேற்றை.

மட்டியின் ஓட்டைத் திறக்க எஃகுக் கத்தி வேண்டாம், குரோமியமும் நிக்கலும் ஒட்டும். பீங்கான் அல்லது பிளாஸ்டிக் கத்தி போதும். மீதமுள்ள நாரையும் நீக்கிவிட்டு, எல்லாச் சதையையும் சேர்த்து அரைத்து உறைய வைத்து, உறைந்த நிலையிலேயே உலர்த்துங்கள். பாதரசம் பார்ப்பதாக இருந்தால் சூட்டடுப்பில் உலர்த்த வேண்டாம், ஆவியாகிப் போகலாம். அரை கிராம் தூளைத் தூய நைட்ரிக் அமிலத்தில் கரைத்து அளக்கும்போது, உலோக அளவு முன்பே சான்றளிக்கப்பட்ட மட்டித்தூள் ஒன்றையும், சதையே சேர்க்காத வெற்று மாதிரி ஒன்றையும் கூடவே அளந்து சரிபாருங்கள்.

கண்காணிப்பு அறிக்கைகள் உலர் எடையில் பேசும், உணவு வரம்புகள் ஈர எடையில். சதையில் 80% நீர் என்றால் உலர் எடையில் கிலோவுக்கு 5 மி.கி. காட்மியம், ஈர எடையில் 1 மி.கி. மட்டிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்த வரம்பும் அதே 1 மி.கி.தான். ஒவ்வொரு மாதிரியின் நீர் சதவீதத்தையும் எழுதி வையுங்கள். அது இல்லாமல் பின்னால் மாற்றவே முடியாது.