காணொளி புரிகிறது, பயிற்சியில் மதிப்பெண் வரவில்லை: குடியாத்தம் நண்பருக்கு

வணக்கம். வேலை பார்த்துக்கொண்டே, ஐ.ஐ.டி.க்கள் இணையவழி நடத்தும் என்பிடெல் (NPTEL) திட்டத்தில் 12 வாரப் பாடம் படிப்பதாகவும், காணொளி புரிந்தும் வாரப் பயிற்சியில் மதிப்பெண் வரவில்லை என்றும், கலந்துரையாடல் பகுதியில் கேட்ட கேள்விக்கு எவரும் பதிலளிக்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள்.

அந்தப் பாடங்களில் பொதுவாகச் சிறந்த 8 பயிற்சிகளே கணக்கில் சேரும். மொத்த மதிப்பெண்ணில் இறுதித் தேர்வுக்கே 75 விழுக்காடு. ஆகவே இப்போதே பாடத்தைக் கைவிட வேண்டாம்.

கேட்கும்போது புரிவது வேறு, நினைவிலிருந்து எடுத்து எழுதுவது வேறு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை காணொளியை நிறுத்தி, திரையைப் பாராமல், கேட்டதை உங்கள் சொற்களில் எழுதுங்கள். எழுத வராத இடம்தான் நீங்கள் திரும்பப் பார்க்க வேண்டிய இடம்.

'இது புரியவில்லை' என்று மட்டும் கேட்டால் பதில் வருவது அரிது. எந்த வாரம், எந்தக் கணக்கு, எதுவரை செய்தீர்கள், எந்தப் படியில் நின்றுவிட்டீர்கள் என்பதை எழுதினால், அதே இடத்தில் தடுமாறிய இன்னொருவர் நிச்சயம் அடையாளம் கண்டுகொள்வார். பிறர் கேள்விகளுக்கும் அரைகுறையாகத் தெரிந்தாலும் பதில் எழுதிப் பாருங்கள். பிறருக்கு விளக்க முனைவதைவிட நல்ல பயிற்சி இல்லை என்பது என் உறுதியான கருத்து. 2008-இல் கல்வியாளர்கள் ஜார்ஜ் சீமென்சும் ஸ்டீபன் டவுன்சும் நடத்திய திறந்தநிலை இணையப் பாடம், கற்பவர்கள் தமக்குள் தொடர்புகொள்வதையே அடித்தளமாகக் கொண்டிருந்தது.

ஆம்பூரிலோ காட்பாடியிலோ அதே பாடத்தை எடுத்தவர் ஒருவர் கிடைத்தால், வாரம் ஒருமுறை வேலூரில் சந்தித்துப் படியுங்கள். நீங்கள் நின்றுபோன கணக்கை முழுமையாக இங்கே இடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.