கேள்விக்கு என்ன பதில்? — ‘ஸ்கூபி-டூ 2’ சிறப்புப் பகுதி

கேள்வி: முதல் படத்தைப் பார்க்காத குழந்தைகளுக்கு 2004இல் வந்த ‘ஸ்கூபி-டூ 2’ புரியுமா?

பதில்: தாராளமாகப் புரியும். கதை தனிக்கதை. ஸ்கூபி-டூ என்ற நாயும் அதன் நண்பர்களும் சேர்ந்த துப்பறியும் குழு பிடித்த போலிப் பேய்களின் உடைகள் அருங்காட்சியகத்தில் வைக்கப்படுகின்றன. அந்த உடைகளுக்கு யாரோ உயிர் கொடுக்கிறார்கள். கார்ட்டூனில் முகமூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு மனிதர் இருப்பார். இங்கே உயிர்பெற்று வரும் பேய்களுக்குக் கழற்ற முகமூடியே கிடையாது. படத்தின் சிரிப்பும் பயமும் அதில்தான் இருக்கின்றன. ஆகவே முதல் படத்தைவிட, 1969இல் தொடங்கிய பழைய கார்ட்டூன் தொடரின் முதல் இரண்டு அத்தியாயங்களைக் காட்டிவிடுங்கள். கறுப்புக் கவச வீரன், கேப்டன் கட்லர் இருவரும் அங்கிருந்து வந்தவர்களே. திரையில் அவர்கள் எழுந்து வரும்போது குழந்தைகளே அடையாளம் சொல்வார்கள். இருட்டுக்குப் பயப்படும் பிள்ளைகளைப் பகலில் பார்க்க வையுங்கள்.

கேள்வி: நாய் கணினியில் உருவானது என்றால், நடிகர்கள் எதைப் பார்த்துப் பேசுகிறார்கள்?

பதில்: இந்த வகைப் படங்களில் நாயின் கண் இருக்கவேண்டிய உயரத்தில், கோலின் நுனியில் பந்து போன்ற ஓர் அடையாளத்தைப் பிடிப்பார்கள். ஒத்திகையில் நாயளவு பொம்மையை வைத்து இடத்தை முடிவு செய்வார்கள். பிறகு பொம்மையை எடுத்துவிட்டு நடிகர்களோடு ஒரு முறை, யாருமே இல்லாத வெற்றுக் காட்சியாக இன்னொரு முறை எடுப்பார்கள். வெற்றுக் காட்சி இல்லாவிட்டால் கோலையோ கம்பியையோ பின்னால் அழிப்பது பெரும்பாடு. அடுத்து, அதே இடத்தில் ஒரு சாம்பல் நிற உருண்டையையும் கண்ணாடிபோல் பளபளக்கும் உருண்டையையும் படம்பிடிப்பார்கள். வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து எவ்வளவு விழுகிறது என்பதை அவற்றைப் பார்த்தே கணினியில் அமைக்கிறார்கள்.

தவறுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். நடிகரின் பார்வை நாயைத் தாண்டிச் சுவரில் நின்றால், கண் எங்கோ பார்ப்பதுபோல் தெரியும். பாதத்தை ஒட்டி விழும் நிழல் மெலிந்தால் நாய் தரையில் நிற்காமல் மிதக்கும். கட்டிப்பிடிக்கும் காட்சி எல்லாவற்றையும்விடக் கடினம்: சட்டை கசங்கவேண்டும், ரோமமும் அமுங்கவேண்டும். நாயின் நண்பன் ஷாகியாக நடித்த மேத்யூ லில்லார்ட் நாயோடு வரும் காட்சிகளில் அவர் கண்களை மட்டும் கவனித்துப் பாருங்கள், எவ்வளவு துல்லியம்!

கேள்வி: மூன்றாம் பாகம் ஏன் வரவில்லை?

பதில்: வசூல்தான். 2002இல் வந்த முதல் படம் உலகெங்கும் சுமார் 27.5 கோடி டாலர் ஈட்டியது. இரண்டாவது சுமார் 18 கோடி. தயாரிப்புச் செலவோ இரண்டுக்கும் ஏறக்குறைய 8 கோடி. இயக்குநர் ராஜா காஸ்னெல், எழுத்தாளர் ஜேம்ஸ் கன், முக்கிய நடிகர்கள் எல்லோரும் அப்படியே இருந்தும் இந்தச் சரிவு. ஆனாலும் கார்ட்டூனுக்கு நெருக்கமானது இரண்டாவது படமே.

கேள்வி: கார்ட்டூன் ஷாகியின் குரலும் லில்லார்டுடையதா?

பதில்: முதலில் இல்லை. 1969இல் அந்தக் குரல் கேஸி கேசமுடையது. அவர் 2009இல் ஓய்வு பெற்றபின் லில்லார்டிடம் வந்தது.