நின்றுபோகும் ஆய்விதழின் பழைய இதழ்களை என்ன செய்வது?

கேள்வி: கொக்குவிலில் இருந்து 14 வருடம், வருடத்துக்கு இரண்டாக 28 இதழ்கள், தமிழ் ஆய்விதழ் ஒன்றை நடத்தினோம். இனித் தொடர ஆளில்லை. சில இதழ்களின் பேஜ்மேக்கர் (பக்க வடிவமைப்பு மென்பொருள்) கோப்புகள் இறுவட்டில் உள்ளன. மற்றவற்றுக்கு அச்சுப் பிரதி மட்டுமே. கட்டுரைகள் அழியாமல், தேடுவோருக்குக் கிடைக்க என்ன வழி?

பதில்: முதலில் இறுவட்டுகளைப் பாருங்கள். கணினியில் எழுதிய இறுவட்டு வெக்கையிலும் ஈரத்திலும் கெட்டுப்போகும். இன்றைக்கே இரண்டு வன்தட்டுகளில் பிரதி எடுத்து, வெவ்வேறு வீடுகளில் வையுங்கள். ஓரிடத்தில் மட்டும் இருந்த பிரதிக்கு என்ன நேரும் என்பதை 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது கண்ட ஊர் இது. பேஜ்மேக்கர் 6, 7 கோப்புகளை, அதன் பின் வந்த மென்பொருளான இன்டிசைனின் சிஎஸ்6 வரையான பதிப்புகள்தான் திறக்கும். பழைய கணினியை இன்னும் வைத்திருக்கும் அச்சகம் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள்.

உள்ளே இருப்பது பாமினி என்ற பழைய எழுத்துரு என்றால், அது கண்ணுக்கு மட்டும்தான் தமிழ். கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்து வரிசை. அப்படியே பிடிஎப் ஆக்கி ஏற்றினால் 'நல்லூர்' என்று தேடுபவருக்கு உங்கள் கட்டுரை அகப்படாது. யுனிகோடுக்கு மாற்றத்தான் வேண்டும். முழுக் கட்டுரையையும் ஒரேயடியாக எழுத்துரு மாற்றியில் போடாதீர்கள். அடிக்குறிப்பில் உள்ள ஆங்கில நூற்பெயர்களும் பொருளற்ற தமிழாகிவிடும். பாமினியில் உள்ள பகுதியை மட்டும் பிரித்து மாற்றுங்கள்.

அடுத்த சிக்கல் ஔகாரம். பாமினியில் அதன் வலப்பக்கக் குறிக்கும் ளகரத்துக்கும் ஒரே விசை. அதனால் 'கௌரவம்' என்பது 'கெளரவம்' ஆகும். 'வெளியீடு' 'வௌியீடு' ஆகும். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, தேடலில் சொல் தவறிவிடும். கெள, மெள, வௌ ஆகியவற்றைத் தேடி ஒவ்வொன்றாகக் கையால் திருத்துவதைத் தவிர நம்பகமான வழியில்லை.

அச்சுப் பிரதிகளை 400 டிபிஐயில், சாம்பல் நிறத்தில் ஸ்கான் செய்யுங்கள். மேலதிகப் பிரதி இருந்தால் முதுகை வெட்டித் தாள்களைப் பிரித்துவிடலாம். பசையிட்டுக் கட்டிய இதழை விரித்து வைத்தால் உள் ஓரத்து எழுத்துகள் வளைந்து, எழுத்துணரி (படத்தை உரையாக்கும் மென்பொருள்) அவற்றைப் பிழையாக வாசிக்கும். மூலத்தை டிஃப் (TIFF) படக் கோப்பாக வையுங்கள்.

உரிமையை மறக்க வேண்டாம். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி கட்டுரையின் உரிமை, எழுதியவரின் வாழ்நாளுக்கும் அதன்பின் 70 வருடத்துக்கும் நிற்கும். எழுத்தில் உங்களுக்கு மாற்றித் தராதவரை அது அவருடையதே. முகவரிகள் கைவசம் இருக்கும்போதே சம்மதக் கடிதம் வாங்குங்கள். பிறகு 2005 முதல் இயங்கும் 'நூலகம்' என்ற இணைய எண்ணிம நூலகத்துக்குக் கொடுக்கலாம். இணைய வடிவத்துக்கு அச்சிதழின் ஐஎஸ்எஸ்என் (இதழ்களுக்கான சர்வதேச இலக்கம்) பொருந்தாது. கொழும்பிலுள்ள தேசிய விஞ்ஞான மன்றத்தில் தனி இலக்கம் கேளுங்கள்.

இவற்றோடு 28 இதழ்களுக்கும் ஒரே அட்டவணை செய்யுங்கள்: ஆசிரியர், தலைப்பு, இதழ், வருடம், பக்கம். அட்டையில் 'தை – ஆனி' என்று மட்டும் அச்சிட்டு வருடம் போடாத இதழ் இருந்தால், அச்சகப் பற்றுச்சீட்டைப் பார்த்தாவது வருடத்தை இப்போதே குறித்துவிடுங்கள்.