தேய்க்காதீர்கள், அது கசங்கல் அல்ல

கேள்வி: என் மருமகள் குஜராத்தின் கட்ச் பகுதியைச் சேர்ந்தவள். அவள் அம்மா தன் கல்யாணத்தில் தலையில் போர்த்திய சிவப்புப் பட்டு ஓட்னியை இவளுக்குக் கொடுத்திருக்கிறார். துணி முழுக்கப் பொடிப்பொடியாகச் சுருக்கம். தேய்த்துக் கொடுக்கலாமா? ஓரத்தில் கறை வேறு. வீட்டிலேயே அலசலாமா?

பதில்: இஸ்திரிப் பெட்டியைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். அந்தச் சுருக்கம் முடிச்சுப் போட்ட தடம். இது பாந்தனி, அதாவது முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றும் கட்ச் பக்கத்துக் கைவேலை. இதில் பெண்கள் துணியை நகநுனியால் கடுகளவு தூக்கி, நூலை இறுக்கிச் சுற்றுவார்கள். சுற்றிய இடத்தில் சாயம் ஏறாது. வெள்ளையாக நிற்க வேண்டிய புள்ளிகளைக் கட்டி முதலில் மஞ்சளில் முக்குவார்கள். அடுத்து மஞ்சள் புள்ளிகளைக் கட்டிச் சிவப்பில் முக்குவார்கள். நல்ல ஓட்னியில் இப்படி ஆயிரக்கணக்கான முடிச்சுகள் இருக்கும். சாயம் காய்ந்தபின் இரு பக்கமும் பிடித்து இழுத்தால் படபடவென்று அவிழும். முடிச்சுப் போட்ட அசல் மதுரைச் சுங்குடியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இந்த மேடு விரலுக்குப் பழக்கமானது.

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு புள்ளியும் நடுவில் ஒரு துளி நிறத்தோடு சற்றே எழுந்து நிற்கும். ஒன்றைப் போல் இன்னொன்று இராது. அச்சடித்ததில் எல்லாம் ஒரே அளவு, துணியும் தட்டையாகக் கிடக்கும். ஆவி இஸ்திரி போட்ட பழைய ஓட்னி ஒன்று என்னிடம் வந்தது. மேடெல்லாம் அமுங்கி அச்சுத் துணி போலவே ஆகியிருந்தது. எத்தனை நாள் உட்கார்ந்து கட்டிய கை! இன்னும் மனசு ஆறவில்லை.

வீட்டில் அலச வேண்டாம். சிவப்பு இளகி வெள்ளைப் புள்ளிக்குள் இறங்கினால் மீட்க வழியில்லை. சந்தேகமிருந்தால் வெள்ளைப் பருத்தித் துணியைப் பச்சைத் தண்ணீரில் நனைத்து, கண்ணில் படாத ஒரு மூலையில் ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். சாயம் அதில் ஒட்டாவிட்டாலும் பழைய பட்டுக்கு டிரை கிளீனிங்தான் நல்லது. கறையைக் காட்டி, "ஸ்டீம், இஸ்திரி இரண்டும் வேண்டாம்" என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

ஹேங்கரில் தொங்கவிடாமல், துவைத்துப் பழகிய வெள்ளை வேட்டியில் சுற்றி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். பாச்சை உருண்டை ஜரிகையில் பட்டால் கறுக்கும். சின்னத் துணி முடிச்சில் வசம்பு போதும்.

ஒரு பக்கம் மட்டும் வழவழவென்று மின்னினால் அது கஜ்ஜி பட்டாக இருக்கலாம். அதில் ஊக்குக் குத்தினால் இழை இழுத்துக்கொள்ளும். மருமகள் போர்த்தும்போது அடியில் ஒரு சின்னத் துணித் துண்டு வைத்துக் குத்தச் சொல்லுங்கள்.