குழுவில் ‘சூப்பர்’ மட்டும்தான் வருகிறதா?

குழுவை விட்டு வெளியே வராதீர்கள், படத்தோடு ஒரு கேள்வியையும் சேர்த்துப் போடுங்கள். சேலம் போட்டோகிராபர்கள் குழுவில் எதைப் போட்டாலும் கட்டைவிரலும் ‘சூப்பரு’ம்தான் வருகிறது, தப்பை யாரும் சொல்வதில்லை, வெளியேறிவிடலாமா என்கிறீர்கள். நீங்கள் போடுவது முடிந்துபோன படம், அதற்கு வேறு என்னதான் சொல்வார்கள்?

நானும் ஏற்காடு பகோடா பாயிண்ட் பனிமூட்டத்தைச் சாம்பலாக எடுத்துவிட்டு, கேமராதான் போச்சு என்று நினைத்திருந்தேன். ‘ஏன் இப்படி அழுக்காக வருது?’ என்று கேட்டுப் போட்டதும், கல்யாண வேலை பார்க்கும் ஒரு அண்ணன் போனிலேயே வந்துவிட்டார்: வெள்ளைப் பனியையும் கேமராவில் ஒளியை அளக்கும் மீட்டர் நடுத்தரச் சாம்பலாக்கத்தான் பார்க்கும், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1 வை. அவ்வளவுதான் விஷயம்.

சோதித்துப் பார்க்க, ஷட்டர், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ என்று படத்தின் வெளிச்சத்தைத் தீர்மானிக்கும் மூன்று அளவுகளையும் எழுதி, ஒரே ஒரு சந்தேகத்தோடு ஒரு படம் போடுங்கள். அப்போதும் பதில் இல்லையா, இரண்டு பேரைத் தனியாகக் கூப்பிட்டு, விடியலுக்கு முன்னாலேயே ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஒரே இடத்தில் நின்று எடுத்துவிட்டு, அப்புறம் டீக்கடையில் கேமராவை மாற்றி மாற்றிப் பாருங்கள்.

ஒன்று, முகூர்த்த நாட்களில் கேட்காதீர்கள். வைகாசியில் பாதிப் பேர் தூங்குவதே மண்டபத்தில்தான்.