சரிகை ஏன் கறுத்தது என்று கேட்ட பிள்ளை

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு வணக்கம்.

பழம்பொருள்களைக் கெடாமல் காக்கும் அருங்காட்சியகப் பாதுகாப்பாளராக வேண்டும் என்று உங்கள் மகள் ஆசைப்படுவதைச் சொல்லி, "மியூசியத்தில் தூசு தட்டுற வேலைக்கு இத்தனை வருஷப் படிப்பா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒற்றை ஆளாய்ப் பிள்ளையை வளர்க்கும் தாய்க்கு அந்தப் பயம் நியாயமானது. ஆனால் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வேறொரு வரியில்தான் என் கண் நின்றது. தீபாவளிக்கு அலமாரியைத் திறந்தபோது பாட்டியின் கூறைப்புடவையில் சரிகை கறுத்திருந்ததாம். "யாருமே கட்டலையே, மூடித்தானே இருந்துச்சு, எப்படிக் கறுத்துச்சு?" என்று உங்கள் மகள் இரண்டு நாள் விடாமல் கேட்டாளாம். அம்மா, அருங்காட்சியகப் பாதுகாப்பாளர் வாழ்நாளெல்லாம் கேட்கிற கேள்வி அதுதான்.

பழைய சரிகையில் வெள்ளி உண்டு. காற்றில் மிக மிகக் கொஞ்சம் ஹைட்ரஜன் சல்பைடு வாயு இருந்தாலே வெள்ளி கறுக்கும். மூடிவைத்தால் பத்திரம் என்று நாம் நினைக்கிறோம், சில சமயம் அந்தப் பெட்டியே கெடுத்துவிடும். ஓக் மரம் அசிட்டிக் அமில ஆவியை விடும், பிளைவுட் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வரும். ஈயப் பொருள்கள் அந்த ஆவியில் வெள்ளைத் தூளாக உதிரும். மர அலமாரியில் வைத்த சிப்பிகள் வெண்மையாகப் பூத்துக் கெடுவதை 1899-இல் பைன் என்பவர் விவரித்தார். கிருமி என்று அவர் நினைத்தார், மரம் விட்ட அமிலம்தான் காரணம் என்று பின்னால் தெரிந்தது. இன்று காட்சிப்பெட்டி செய்வதற்கு முன் அதன் பலகையில் ஒரு துண்டை வெள்ளி, ஈயம், செம்புத் தகடுகளோடு கண்ணாடிக் குழாயில் அடைத்து, சிறிது ஈரத்தோடு 60 டிகிரி வெப்பத்தில் 28 நாள் வைத்துப் பார்க்கிறார்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆண்ட்ரூ ஆடி (Oddy) என்பவர் 1973-இல் வகுத்த சோதனை இது. தகடு நிறம் மாறினால் அந்தப் பலகை வேண்டாம்.

டர்பனில் இந்த வேலைக்குக் குறைவே இல்லை. கடலின் உப்புக்காற்று, துறைமுகப் புகை, மழைக்காலத்தில் பெல்ட்டிலும் செருப்பிலும் பூஞ்சை பூக்கிற ஈரம். ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நீடித்தாலே பூஞ்சை துளிர்க்கும். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பல் 'ட்ரூரோ' வந்து சேர்ந்த நாளிலிருந்து, நம் முன்னோரின் பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர் எல்லாம் கப்பல் பட்டியல்களில் காகிதமாக இருக்கின்றன. மாசுக்காற்றின் அமிலத்தை இழுத்துக்கொண்ட காகிதம் பழுத்து, தொட்டால் அப்பளமாக நொறுங்கும். அதைக் காக்க நம் வீட்டுப் பிள்ளை ஒன்று முன்வருவது எனக்கு மனநிறைவாக இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை.

இனி படிப்பு. இப்போது கிரேடு 9 முடிவதால் பாடத் தேர்வுதான் அவசரம். கணிதமும் பிசிக்கல் சயின்ஸும் கட்டாயம் எடுக்கட்டும். சுலபம் என்று, அன்றாடக் கணக்கை மட்டும் கற்பிக்கும் மேத்ஸ் லிட்டரசிக்குப் போனால் வேதியியல் கதவு அங்கேயே சாத்திக்கொள்ளும். பிறகு குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் பிஎஸ்சி வேதியியல், வீட்டிலிருந்தே போய்வரலாம். ஆனர்ஸ் முடித்தபின் பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தில் பாரம்பரியப் பொருள் பாதுகாப்பு முதுநிலை இருக்கிறது, 2019-இல் தொடங்கியது.

அருங்காட்சியகப் பணியிடங்கள் குறைவு, நிரப்பவும் தாமதமாகும். அதனால்தான் நேராகக் கலைப் படிப்பு வேண்டாம், வேதியியல் அடித்தளம் வேண்டும் என்கிறேன். காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று அளக்கத் தெரிந்தவருக்குத் தொழிற்சாலைச் சுகாதாரத்திலும் ஆய்வகங்களிலும் வேலை உண்டு.

மகளுக்கு மூச்சிரைப்பு இருப்பதாகச் சொன்னீர்கள், அது விளையாட்டல்ல. பூஞ்சைத் தூசு அவளுக்கு ஆகாது. பூச்சி அரிக்காதிருக்க ஆர்செனிக் பூசிய பழைய பொருள்களும் சேகரிப்புகளில் உண்டு. முகக்கவசம், கையுறை, புகை உறிஞ்சும் அறை இந்தத் தொழிலில் வழக்கம்தான், இருந்தாலும் மருத்துவரிடம் முதலில் பேசிவிடுங்கள். பொருளைத் தொடாமல் காற்றையும் ஈரத்தையும் அளக்கிற பிரிவும் இருக்கிறது.

புடவையைப் புளி போட்டோ பாலிஷ் போட்டோ தேய்க்கவேண்டாம். சுற்றியிருக்கும் செய்தித்தாளை எடுத்துவிட்டு, துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் பழைய மடிப்பை மாற்றிச் சுற்றுங்கள். மகளே செய்யட்டும். பாடத் தேர்வுப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் அவளையும் கூட்டிக்கொண்டு என்னிடம் ஒருமுறை வாருங்கள்.